நிறுத்திய பின்னும் சுட்ட பெட்டி

யாராவது களவாகத் தொலைக்காட்சி பார்த்தார்களா என்று அறிய, எங்கள் வாசிகசாலைத் தலைவர் அதன் டிஷ் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் தீர்ப்பு முடிந்தது; அங்கிருந்தவன் வெளியே. அதே கையை அன்று சேர்வர் கணினியின் முதுகிலும் வைத்தார்.

ஊரின் பழைய பத்திரிகைகளைப் படம்பிடித்து, அந்தப் படங்களைச் சேர்த்து வைக்கிற இயந்திரம் அது. பொறுப்பு என்னுடையது. கோயில் தேருக்குப் போகுமுன் அதை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன்.

"நிப்பாட்டினனான் எண்டீர். உது கொதிக்குது ஐசே!"

"நிப்பாட்டினதுதான் அண்ணை."

"அப்ப உதுக்குக் காய்ச்சலே?"

பேப்பர் வாசித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்போம் என்றும் தலைவர் சொன்னார். எனக்குப் பற்றி எரிந்தது. என் வாய்ச்சொல்லைவிட ஒரு தகரத்தின் சூடு பெரிதா?

குனிந்து பின்னால் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கும் பெட்டிகள் இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரம் படுத்துவிட்டது, அதற்குச் சோறு போடுகிறவை மட்டும் படுக்காமல், தாமே தின்று, தாமே சூடேறிக் கிடந்தன. இரண்டு வயரையும் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"பேப்பரை வாசிச்சு முடிச்சிட்டுத் தொட்டுப் பாருங்கோ."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து தொட்டார். குளிர்ந்திருந்தது.

"நிப்பாட்டினால் நிக்க வேணுமெல்லோ, சனியன்!" என்று இயந்திரத்தைத்தான் ஏசினார்.

விடவில்லை நான். அவரை டிஷ் பெட்டியடிக்குக் கூட்டிப்போனேன். காலையிலிருந்து யாருமே தொலைக்காட்சி போடவில்லை.

"இதையும் தொடுங்கோ அண்ணை."

சுட்டது.

"உதை நம்பி எத்தினை பேரைக் கலைச்சனீங்கள்?"

அவர் குனிந்து டிஷ் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார்.