ஐப்பசிக்கு முன் ஆட்டுக்கு முடி வெட்டலாமா?

முடி வெட்ட வேண்டிய ஆடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரியவந்தது. எங்கள் விழிதியூரில் ஆடு என்றால் வெள்ளாடு. அதற்கு முடி இருந்தது, ஆனால் அது யாருக்கும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. அறுவடை முடிந்த எங்கள் வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி, கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே திரும்பினார். நான்கு பெட்டைகள் நடக்க மாட்டாமல் பின்தங்கிவிட்டன. கறுப்பு நிறம், கழுத்திலிருந்து வால் வரை சுருட்டைக் கம்பளி. குறும்பாடு என்று பெயராம். அவற்றை என் மனைவி வாங்கிக்கொண்டாள். நான் அப்போது காரைக்காலில் அலுவலகத்தில் இருந்தேன். என் முன் அனுமதி பெறப்படவில்லை.

கீதாரி பொறுப்பை ஒப்படைக்கும்போது குறிப்பு எதுவும் எழுதித் தரவில்லை. ஒரு சாதாரண அலமாரியை ஒப்படைப்பதற்கே மூன்று பிரதிகள் கேட்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். நான்கு உயிர்கள் ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல் என் கொல்லைக்கு வந்து சேர்ந்தன.

புரட்டாசியில் கம்பளி நான்கு விரல் கனத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆடுகளில் ஒன்று சினையாகவும் இருந்தது. மேற்கத்தி ஆடு நம் மழைக்குத் தாங்காது, கார்த்திகையைத் தாண்டாது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லப்பட்ட நாளிலிருந்து என் மனைவி அந்தச் சினையாட்டின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"ஏங்க, மழைக்கு முன்னாடி இதுங்களுக்கு முடி வெட்டணுமா, வேணாமா?"

"வெட்டுனா குளுருமே."

"வெட்டலன்னா நனஞ்சுக்கிட்டே நிக்குமே."

"ரெண்டுமே யோசிக்க வேண்டியதுதான்."

"யோசிச்சு சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். ரெண்டு இருக்குன்னு எனக்கே தெரியும்."

நான் முறைப்படி செயல்பட்டேன். பொருள்: குறும்பாடுகள் நான்கு, மழைக்காலத்துக்கு முன் உரோமம் நீக்குதல் தொடர்பாக. பார்வை: இல்லை. இப்படி ஒரு கடிதம் எழுதி, இதற்கென்று இருந்த கால்நடை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவந்தேன். பதில் வரும்வரை ஆடுகளின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் அறிவித்தேன்.

பதில் வருவதற்குள் எதிர்வீட்டு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பிரான்சில் ஐந்து குளிர்காலங்கள் இருந்தவர். குளிரைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் இறுதித் தீர்ப்பு அவருடையது.

"தங்கச்சி, அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராத. அங்கெல்லாம் குளுர் முடிஞ்சுதான் ஆட்டுக்கு வெட்டுவான். குளுருக்கு முன்னாடி வெட்டுனா ஆடு வெறச்சிப் போயிரும். என்ன முசியே?"

முசியே என்றது என்னை; பிரெஞ்சில் ஐயா. பனி பெய்யும் ஊரின் நடைமுறையை மழை பெய்யும் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எழுத்தில் பதில் வராத நிலையில், முன்னுதாரணம் ஒன்று கிடைத்ததே என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது. அப்படியே முடிவாயிற்று. வெட்டுவதில்லை.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஒழுகல். கம்பளி தண்ணீரைக் குடித்து, ஆடுகள் இரண்டு மடங்கு கனத்தில் தள்ளாடின. என் மனைவி பழைய வேட்டிகளால் துவட்டினாள். வேட்டிகள் தீர்ந்தன, ஆடு காயவில்லை. சினையாடு தீவனத்தைத் தொடாமல் சுவரைப் பார்த்து நின்றது. முதுகுக் கம்பளியைப் பிரித்துப் பார்த்தவள், உள்ளே ஈ முட்டை வைத்திருப்பதைக் காட்டினாள். நான் கால்நடை அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன்.

அந்த மழையில் சொல்தா விசாரிக்க வந்தார். குடை பிடிப்பது சிப்பாய்க்கு அழகில்லை என்பது அவர் கொள்கை. பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மழையில் இறங்குவார். தெருவைக் கடப்பதற்குள் அது சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கழற்றி எங்கள் கூடத்துக் கொடியில் போட்டுவிட்டு, என் துண்டைப் போர்த்திக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் கோட்டை வாங்க வந்தார். கொடி நடுவில் தொய்ந்து, கீழே வைத்த சொம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க ஒரு நாற்றம்.

"அண்ணே, தொட்டுப் பாருங்க" என்றாள் என் மனைவி.

தொட்டார்.

"ஓட்டுக்குக் கீழ, காத்துல, மூணு நாளா தொங்குது. கோட்டையாவது கழட்டிப் போட்டீங்க. அந்தச் செனையாடு எதக் கழட்டும்?"

சொல்தா என்னைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

மறுநாள் மழை சற்று விட்டது. எங்கள் தெரு நாவிதரிடம் போனேன். "ஆட்டுக்கு வச்ச கத்திரிய அப்பறம் ஒங்களுக்கு வைக்கவா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். கடைசியில் தையல்காரரிடம் பெரிய கத்தரி ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். என்ன வெட்டுவதற்கு என்று அவர் கேட்கவில்லை. கம்பளி என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

கொல்லையில் நான் முதல் ஆட்டைப் பிடிக்க, என் மனைவி கத்தரியை எடுக்க, சொல்தா பின்னாலிருந்து கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். இடது கையில் சீப்பு. அதை எப்போது கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. ஆட்டின் பின்னந்தலையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். அது தலையைக் குனிந்துகொண்டது. பிறகு கத்தரி ஓடியது பாருங்கள், கழுத்தில் தொடங்கி இடுப்பு வரை, நூல் பிடித்தது போல. ஒரு கீறல் இல்லை. சினையாட்டின் வயிற்றுப் பக்கம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார்.

என் மனைவி நாலாவது ஆடு வரை பொறுத்திருந்தாள். "அண்ணே, பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சேன்னுதான சொல்லியிருக்கீங்க?"

"துப்பாக்கியும் புடிச்சேன்."

கத்தரியில் ஒட்டிய கம்பளியை ஊதித் தள்ளினார்.

"எல்லார் கையிலயும் துப்பாக்கியக் குடுத்துட்டா, முடி யாரு தங்கச்சி வெட்டுறது?"

அதன்பின் அவரிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வெட்டிய ஆடுகள் நாங்கள் வாங்கியவற்றில் பாதி அளவுதான் இருந்தன. மீதியைக் கம்பளி என்று குவித்து வைத்திருந்தோம். அன்றைக்கே மழை திரும்ப வந்தது. சினையாடு நடுங்கியது. சாக்கைக் கிழித்துப் போர்த்தி, அடுப்பங்கரையை ஒட்டிய தாழ்வாரத்தில் கட்டினோம். என் மனைவி அதன் முன்னால் தவிட்டுத் தண்ணீரை வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்தா வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல் இரண்டு முறை திரும்பிப்போனார். மாலையில் ஆடு தண்ணீரில் வாய் வைத்தது. அவருக்குச் சொல்லியனுப்பினோம்.

கார்த்திகையின் பெருமழையில் குட்டி பிறந்தது. தாயைப் போலவே கறுப்பு. தெருவில் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, தாங்கள் அப்போதே வெட்டச் சொன்னதாகச் சொல்லிப்போனார்கள்.

குட்டி தாவத் தொடங்கிய மார்கழியில் என் கடிதத்துக்குப் பதில் வந்தது. "எல்லா அம்சங்களையும் பரிசீலித்து உரிமையாளர் தக்க முடிவு எடுத்துக்கொள்ளலாம்." அந்த வாசகம் எங்கோ படித்தது போலிருந்தது. மாற்றலாகி வருவதற்கு முன் நான் அந்த அலுவலகத்தில் இருந்தபோது, எந்தக் கேள்விக்கும் பொருந்தும்படி மாதிரிப் பதிலாக எழுதி வைத்தது. அப்போது அதற்காக என்னைப் பாராட்டினார்கள். மனைவியிடம் படித்துக் காட்டினேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை.

அடுத்த புரட்டாசியில் யாரும் கூப்பிடாமலே சொல்தா வந்தார். செய்தித்தாளில் சுற்றிய சொந்தக் கத்தரி, சீப்பு. ஆடுகளை முடித்துவிட்டு, கத்தரியைத் துடைத்தபடி என் தலையைப் பார்த்தார்.

"முசியே, நீங்களும் ஒக்காருங்க."

நாவிதர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. யோசிப்பதற்கு அவகாசம் கேட்டிருக்கலாம். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என் பின்னந்தலையில் இரண்டு விரலால் தட்டினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.