மலையில் திருகிய ஸ்க்ரூ

ஜூன் 14, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசலில் வைத்திருக்கும் மழை அளக்கும் குடுவையைப் பார்த்தேன். காலி. ராத்திரி முழுக்க வெறும் காற்றுதான். டைரியில் அதை எழுதினேன். காபி குடித்தேன். மிளகுக் கொடிகளைச் சுற்றி ஒரு நடை போய் வந்தேன். பிறகு பின்கட்டு மேசையில் சாமான்களை வழக்கமான வரிசையில் எடுத்து வைத்தேன் — ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், அரம், பழைய பனியன் துணி.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

காரணம், மேசை நடுவில் உட்கார்ந்திருந்த சின்ன செயின் ஷா. ஆன்லைனில் வாங்கிய மலிவு சரக்கு. கொல்லிமலையில் எங்கள் பக்கம் மிளகுக் கொடி ஏறுவது சில்வர் ஓக் மரத்தில். மழை பிடிப்பதற்குள் மரத்தின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். வெயில் உள்ளே இறங்கினால்தான் கொடியில் சரம் பிடிக்கும். அதற்காக வாங்கினேன்.

அறுத்ததா? அறுத்தது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் புகை கக்கிக்கொண்டு, தடித்த கிளை வந்தால் திணறிக்கொண்டு... ஆனால் அறுத்தது. இரண்டு நாளில் பாதித் தோட்டம் முடிந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷனால் விட முடிகிறதா?

அந்த வாரம் முழுக்க அதைக் கழற்றி மாட்டியபடியே இருந்தேன். முதலில் சைலன்சரைத் திறந்தேன். புகை வெளியேறும் ஓட்டை சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குச் சின்னது. டிரில் போட்டுப் பெரிதாக்கினேன். உள்ளே இருந்த கம்பி வலையை உருவி எறிந்தேன். அடுத்தது கார்புரேட்டர். அதில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. யாரும் அளவுக்கு மீறித் திருகிவிடக் கூடாது என்றே கம்பெனிக்காரன் அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தான். அதைப் பிளேடால் அறுத்து எடுத்தேன்.

சனிக்கிழமை காலை, கடைசித் திருகு. ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருகப் புகை குறைந்தது. சத்தம் தெளிந்தது. ஒரு காய்ந்த கட்டையை வைத்தேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது!

மனைவி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நல்லா ஓடுற எதைப் பாத்தாலும் உங்களுக்குக் கை அரிக்குமாக்கும்? கிரைண்டருக்கு வேகம் கூட்டுறேன்னு போன வருசம் நோண்டுனீங்களே... சீலிங்குல மாவு இன்னும் அப்படியேதானுங்க இருக்குது."

"அது வேற. இதோட சத்தத்தைக் கேட்டியா?"

"சேந்தமங்கலத்துக்கே கேட்டிருக்குமுங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து போன். அக்கா. மலையடிவாரத்தில் குடியிருக்கிறாள்.

"தம்பி, ராத்திரி அடிச்ச காத்துல வேப்பமரம் முறிஞ்சு கட்டுத்தரை வாசல்லயே உழுந்திருச்சு. செவலை உள்ள மாட்டிக்கிச்சுடா. நெறமாசம். விடியறதுல இருந்து படுக்குது, எந்திரிக்குது, கத்துது... மரம் அறுக்கிற ஆளுக எல்லாம் ரோட்டுல கெடக்குற மரத்துக்குப் போயிட்டாங்க. உன்ற மிஷினைத் தூக்கிட்டு ஓடியா சாமி."

செவலைப் பசுவுக்கு அது தலையீத்து, முதல் பிரசவம். அக்கா அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள். யோசிக்க என்ன இருக்கிறது? செயின் ஷாவை வண்டியின் பின் சீட்டில் கட்டினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் காது இரண்டும் அடைத்து, மறுபடி திறந்தன. வழக்கமாக நடப்பதுதான். காது எனக்கு ஏதோ சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், கடப்பாரையோடு மாட்டுக் கட்டுத்தரையின் பின்பக்கம் நின்றிருந்தார். ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். முன்பக்கம் கதவை அடைத்துக்கொண்டு வேம்பின் பெரிய கவை கிடந்தது. உள்ளே செவலை காலை உதைக்கும் சத்தம்.

"மலையில இருந்து மிஷினு வருதுன்னு பாத்தா, கொழந்தைங்க வெளையாடுற சாமானைக் கொண்டாந்திருக்கறயே மாப்ள! நான் செவுத்தை இடிக்கறேன், ஓரமாப் போ."

"எதுக்கு மச்சான் நல்ல சுவத்தை இடிக்கறீங்க? பத்து நிமிஷம் குடுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். கடப்பாரை கீழே இறங்கியது.

கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு! மலையில் கேட்டதைவிடக் கூர்மையான சத்தம். விசில் மாதிரி ஏறிக்கொண்டே போனது. முதல் கிளை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "அட, சும்மா கத்துதே மாப்ள!" என்றார் மச்சான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கவையின் தடித்த பாகத்தில் பிளேடை வைத்தேன். பாதி ஆழம் போயிருக்கும்...

நின்றுவிட்டது.

முக்கி முனகி நிற்கவில்லை. பட்டென்று, கழுத்தைப் பிடித்த மாதிரி. கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. காலால் அழுத்திக்கொண்டு இழுத்தேன். ம்ஹும். பிளேடும் வெட்டுவாயில் இறுகிக்கொண்டது. இன்ஜினைத் தொட்ட விரல் சுரீரென்றது.

உள்ளே செவலை கத்துவதை நிறுத்தியிருந்தது. கத்தியதைவிட அதுதான் பயமாக இருந்தது.

"என்ன மாப்ள, பத்து நிமிஷம் ஆயிருச்சா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மச்சான் பின்பக்கம் ஓடினார். நானும் ஓடினேன். அவர் கடப்பாரையால் நெம்ப, நான் ஒவ்வொரு கல்லாக இழுத்துப் போட்டேன். ஆள் நுழையும் அளவுக்குச் சந்து வந்ததும் அக்கா எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"காலு வந்திருச்சு! வந்து புடிங்க!"

மச்சானும் அக்காவும் பிடித்து இழுத்தார்கள். நான் செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டேன் — எனக்குத் தரக்கூடிய வேலை அது ஒன்றுதான். கிடேரிக் கன்று. சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. அக்கா அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தும்மல். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகு அக்கா கேட்டாள்.

"மிஷினு நல்லாத்தானே இருந்துச்சு? அதை ஏன்டா நோண்டுன?"

"வேகம் பத்தலைக்கா."

"யாருக்கு?"

மரத்தில் மாட்டியிருந்த மிஷினைப் பிடுங்கப் போனேன்.

நடந்தது இதுதான். மலை மேல் காற்று அடர்த்தி குறைவு. அதற்கேற்ப நான் பெட்ரோலைக் குறைத்தேன். மேலே அது சரிதான். கீழே காற்று அடர்த்தி. போதாக்குறைக்கு சைலன்சரை வேறு திறந்துவிட்டிருந்தேன். காற்று தாராளம், பெட்ரோல் பற்றாக்குறை. இந்த இன்ஜினுக்கு ஆயிலும் பெட்ரோலில் கலந்துதான் போகிறது. ஆக, ஆயிலும் இல்லை. உள்ளே பிஸ்டன் சூடேறி ஒட்டிக்கொண்டது. நான் பெருமைப்பட்டேனே, அந்த விசில் சத்தம்... அது பலம் இல்லை, தாகம்.

மலையில் திருகி அடிவாரத்தில் ஓட்டுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சமவெளிக்காரருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், ஸ்க்ரூவா பிரச்சினை? வேலை செய்கிற ஒன்றை வேலை செய்ய விடாத இந்தக் கைதானே! ஃபேன் சுற்றினால் இன்னும் வேகமாகச் சுற்றாதா என்கிறோம். பிள்ளை எண்பது மார்க் வாங்கினால் மூடியை அறுத்துத் திருகப் பார்க்கிறோம். சத்தம் ஏறினால் சந்தோஷம். அது எதனால் ஏறுகிறது என்று கேட்பதில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, இடித்த சுவரைத் திரும்பக் கட்டக் கலவை போட உட்கார்ந்தேன்.

"மச்சான், சிமென்ட் இன்னுங் கொஞ்சம் கூடப் போட்டா..." என்று ஆரம்பித்தேன். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.