ஒரு கையெழுத்து குறைந்த உறுதி

குஞ்சு... நீ போய் இன்றைக்கு ஆறு நாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உறுதி என்கிற காணிப் பத்திரம் எழுதுகிற எங்கள் நொத்தாரிசுப் பிள்ளை போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயதுதான். ஹார்ட் அட்டாக்.

நான் அவளுடைய ஒபிஸைக் கூட்டி, தேத்தண்ணி வைத்து, உறுதிகளுக்குச் சாட்சியாகக் கையெழுத்தும் வைத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்... எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு, நீ கொழும்பில் சட்டம் படிக்க அம்மாவின் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. படித்து முடித்த பிறகும் நொத்தாரிசுப் பத்திரம் கைக்கு வர எவ்வளவு அலைச்சல். பிணை, புத்தகங்கள், சீல், பிறகு வருடா வருடம் லைசன்ஸ்...

"சீதனக் காசு முழுக்க இதுக்கை போட்டுது அக்கா. இனி இந்தச் சீல்தான் என்ரை மாப்பிள்ளை" என்றாய்.

"மாப்பிள்ளை கட்டைதான். ஆனா குடிக்க மாட்டார்" என்றேன் நான். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

லண்டனில் இருக்கிற உன் அண்ணை போன் எடுத்த நாளும் நான் பக்கத்தில் நின்றேன்.

"காணி எழுதித் தாற சித்தப்பா நேரிலை வரேலாது. வாட்ஸ்அப்பிலை ஆளைக் காட்டுறன், நீ உறுதியை முடிச்சு விடு."

"இல்லை அண்ணை. ஆள் எனக்கு முன்னாலை இருந்து கையெழுத்து வைக்கோணும்."

"உன்னைப் படிப்பிக்கக் காசு அனுப்பினது நான். மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை. அதுதான் படிச்சபடி செய்யிறன்."

அதன் பிறகு அண்ணை கதைக்கவே இல்லை. தன் மகளின் கலியாணத்துக்கும் சொல்லவில்லை. நீ கலியாண போட்டோக்களை மட்டும் என் போனில் பார்த்தாய்.

கடைசி நாள் மயிலிட்டியில். படுக்கையில் கிடக்கிற ஒரு அம்மா மகளுக்குக் காணி எழுதிக் கொடுக்கிறார். ஓட்டோவில் போனோம்.

அந்த அம்மா நடுங்கி நடுங்கிக் கையெழுத்து வைத்தார். நான் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வைத்தார். நீ பேனையைத் திறந்தாய்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி..."

கொண்டு வருவதற்குள் உன் தலை உறுதியின் மேல் சாய்ந்து கிடந்தது.

இன்றைக்கு அந்த வீட்டு மருமகன் வந்தார். "அக்கா, நொத்தாரிசின்ரை கையெழுத்து உங்களுக்குப் பாடம்தானே. சீலும் மேசை லாச்சிக்கை கிடக்கு. ஆருக்குத் தெரியப் போகுது?"

அவரைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாளோ... அந்தப் பயம்.

உண்மையைச் சொன்னால், என்னால் முடியும். உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் என் பெயரை அழகாக எழுதப் பழகினேன்.

"ஏலாது தம்பி. நாளைக்கு வேறை நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வாறன். அம்மாவுக்குக் கஞ்சி குடுத்து வையுங்கோ" என்று சொல்லி லாச்சியைப் பூட்டினேன்.

வட்டுக்கோட்டை நொத்தாரிசு ஐயா ஓம் என்றுவிட்டார். காலை எட்டு மணிக்கு ஓட்டோ வரும். புது உறுதியில் அந்த அம்மா திரும்பவும் வைப்பார், நானும் வைப்பேன். திங்கட்கிழமை உன் புத்தகங்களையும் சீலையும் காணிப் பதிவுக் கந்தோரில் நானே ஒப்படைப்பேன். ஒரு தாள் குறையாது.

போய் வா பிள்ளை.

மயிலிட்டியிலிருந்து நான் கொண்டுவந்த உன் பேனை மட்டும் திறந்தபடியே இங்கே மேசையில் கிடக்கிறது. மை காயப் போகிறது...

மூடட்டோ, குஞ்சு?