தட்டில் இரண்டு கண்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சிவகாசியில் நண்பரின் அச்சகத்தில் ஒரு தேவாலயத்துக்கான மாதக் காலண்டர் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் புனிதை ஒருவர், தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நின்றார். இதை வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று தயங்கிய நண்பர், நான் மிஷன் கல்லூரியில் பயின்றவன் என்பதால் என்னை அழைத்தார். கிறிஸ்தவ ஓவியக் குறியீடுகளைப் பொறுத்தவரை அவ்வட்டாரத்தில் என் சொல்லே முடிவானது. அப்பெயரை நான் காத்தும் வந்தேன்.

"விசுவாசத்துக்காகக் கண்களை இழந்தவர். அதன் குறியீடு இது" என்றேன்.

காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார். "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நாங்க கண்மலரு வாங்கிப் போடுறமே, அதுதான சார்?"

"அது வெள்ளியில் செய்த காணிக்கை. இவை அவருடைய சொந்தக் கண்கள்."

"மொகத்துலயும் ரெண்டு இருக்கே சார்."

"இறைவன் புதிதாக அருளினார்."

"புதுசு வந்தபெறகும் பழச எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்காக?"

நண்பர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். கலை மரபு அத்தகையது என்று கூறி, படத்தை அப்படியே அச்சிடச் சொன்னேன்.

நண்பர் அடுத்த மாதத்துக்கான தாளை நீட்டினார். அதில் பிஷப் ஒருவர், வெட்டுண்ட தம் தலையைத் தாமே கைகளில் ஏந்தி நின்றார். அந்தப் பெண் கைவேலையை வைத்துவிட்டு அருகில் வந்தார்.

விருதுநகர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.