முக்கால் மணி நேரத் தூரம்

என் அக்கா புருஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். சீட்டாட உட்கார்ந்து கையில் நல்ல சீட்டு வந்துவிட்டால் காது சிவந்துபோகிற மனுஷர் அவர். அப்படிப்பட்டவர் இவ்வளவு நாளும் எங்கள் அத்தனை பேர் காதிலும் பூச்சுற்றியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஊருக்கு வெளியே டென்ட் போட்டுத் தங்கும் இடத்தில், குழாயடியில் அது தெரியவந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் வேலை. பகலில் அடுக்குமாடி வீடுகளின் லிஃப்டுகளைப் பார்ப்பார். ஆனால் அவருடைய உயிர் இருந்தது பெரிய ஆஸ்பத்திரியில். கட்டிலோடு நோயாளியை ஏற்றிப்போகும் பழைய லிஃப்டுகள் அங்கே இருந்தன. அவற்றின் நாடி அவருக்குத்தான் தெரியும். ராத்திரி பகல் எப்போது நின்றாலும் அவர் போனுக்குத்தான் அழைப்பு வரும்.

கல்யாணமான புதிதில் அக்காவும் அவரும் வெளியூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆபரேஷன் முடிந்த ஒரு நோயாளி. கூடவே ஒரு வார்டு ஊழியர், நோயாளிக்கு மூச்சுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டு. அத்தான் பஸ் பிடித்து, லாரியில் தொற்றி, வந்து கதவை நெம்பித் திறக்கும்வரை அந்த மனுஷர் இருட்டில் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர் பையை வாங்கிய பிறகும் அவருடைய விரல்கள் சும்மா மூடி மூடித் திறந்துகொண்டிருந்தனவாம். நோயாளி பிழைத்துக்கொண்டார். அத்தான் அந்த விரல்களை மறக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரத்தில் திரும்ப முடியாத எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. கடலைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் அவருக்கு ‘முக்கால் மணி’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். “முக்கால் மணி சாப்பிட்டாச்சா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவர் மட்டும் கட்டுப்பட்டிருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். மாட்டிக்கொண்டவள் அக்காதான். அத்தான் படுத்தால் கட்டை. பக்கத்தில் மேளம் அடித்தாலும் புரண்டு படுக்கமாட்டார். அதனால் போன் அக்காவின் தலைமாட்டில். மணி அடித்ததும் அவள் எழுந்து, எடுத்துப் பேசி, அவரை உலுக்கி எழுப்பி, சட்டையை மாட்டி அனுப்ப வேண்டும். அவர் ஒரு ராத்திரி வீட்டில் தனியாகப் படுத்தால் ஆஸ்பத்திரி என்ன ஆகும்? ஆகவே அவளும் எங்கேயும் போனதில்லை. சம்பளம் வாங்காத ராத்திரி ட்யூட்டி. கண்ணுக்குக் கீழே எப்போதும் கரு வளையம். “எனக்குத் தூக்கமே கம்மிடா” என்பாள். நாங்களும் அது அவளுடைய உடம்புவாகு என்று நம்பினோம்.

அக்கா மகள் கட்டிக்கொண்டு போனது தூரத்து ஊர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அவளுக்கு வலி வந்தபோது பிரசவம் சிக்கலாகிவிட்டது. மாப்பிள்ளை போன் செய்து, “அத்தை, உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா, கொஞ்சம் வாங்களேன்” என்று கெஞ்சினான். அக்கா பையை எடுத்து வைத்தாள், இறக்கினாள், மறுபடி எடுத்து வைத்தாள். கடைசியில் போகவில்லை. நான் வந்து படுத்துக்கொண்டு எழுப்புகிறேன் என்றேன். “உனக்குப் பழக்கமில்லடா, ஒரு உசுரு விஷயம்” என்றுவிட்டாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மகள் மட்டும் அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பாப்பா நடக்க ஆரம்பிக்கிற வரை போட்டோவில்தான் அக்கா பேத்தியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை நல்லவன். டென்ட் பைத்தியம். அவன்தான் சமாதானத்துக்கு வழி கண்டுபிடித்தான். “வீட்டுக்கு வரச் சொன்னா இவ வரமாட்டா. ரெண்டு நாள் வெளியில எங்கயாவது டென்ட் போடலாம் மாமா. உங்க முக்கால் மணிக்குள்ளயே ஒரு இடம் பாருங்க, நாங்க வந்துடறோம்” என்றான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இடம் சரியாக அமைந்துவிட வேண்டுமே, ஏதாவது சொல்லி மகள் மறுத்துவிடக் கூடாதே என்று அவளுக்கு ஒரே கவலை.

இடம் பார்க்கும் வேலை அத்தானுக்கு. துணைக்கு நான். சாவி வெட்டுகிற என் கடையை மூடிவிட்டு, வார நாட்களில் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன். ஏரிக்கரையில் ஒரு இடம், நிழலும் காற்றும் அப்படி ஒரு அழகு. வழியில் ரயில்வே கேட் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். மலையடிவாரத்தில் ஒன்று. அதன் வாசல் கேட்டை ராத்திரி பூட்டிவிடுவார்களாம், வேண்டாம். தோப்புக்குள் ஒன்று. அங்கே தரையில் மல்லாந்து படுத்து, போனைத் தலைமாட்டில் வைத்து, சிக்னல் எத்தனை கோடு வருகிறது என்று பார்த்தார். நின்றால் கிடைக்கிற சிக்னல் படுத்தால் கிடைக்காதாம். ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று காவலாளி தண்ணீரோடு ஓடிவந்தான்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது நெடுஞ்சாலையை ஒட்டி, கான்கிரீட் கலக்குகிற ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டல். நாலு மரம், ஒரு குழாயடி, வரிசையாகக் கழிப்பறை. லாரிச் சத்தம் ஓயாது. சிக்னல் மட்டும் முழுக் கோடு.

“இங்கயா அத்தான்? இதுக்கு நம்ம மொட்டை மாடியிலயே டென்ட் போட்டுக்கலாமே.”

“ரோடு நேரா இருக்கு பாரு. எங்கயும் திரும்ப வேண்டாம்” என்றார் திருப்தியாக.

அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. அவர் நடிக்கவில்லை. சத்தியமாக நடிக்கவில்லை. தரையில் படுத்து சிக்னல் பார்த்தபோது அவர் நெற்றியில் வியர்வை இருந்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை வந்தது. மகள் காரிலிருந்து இறங்கினாள். சிடுசிடுப்புதான், ஆனால் குழந்தையை அக்கா கையில் கொடுத்தாள். பாப்பா புது ஆளைப் பார்த்து அழும் என்று எதிர்பார்த்தோம். அது அக்காவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் ஐந்து பேரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். லாரி போகும்போதெல்லாம் பாப்பா கைதட்டியது. “இடம் மோசமில்லப்பா” என்று மகளே சொன்னாள். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவக் குழாயடிக்குப் போனோம். அக்கா தேய்க்க, நான் அலச, அத்தான் பக்கத்தில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த டென்டிலிருந்து ஒரு பெண் பாட்டிலோடு வந்தாள். அத்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“லிஃப்ட்காரர்தானே நீங்க? நான் ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கறவ. ஆளையே காணோமே, ரிட்டயர் ஆயிட்டீங்களா?”

அத்தானின் காது சிவந்தது. அக்கா பெருமையாக நிமிர்ந்தாள்.

“ரிட்டயர் எல்லாம் இல்லம்மா. ராத்திரியில நின்னா இப்பவும் இவருதான் வருவாரு. ஆனா ரொம்ப நாளா போன் வரதில்ல. அவ்வளவு நல்லா பாத்து வச்சிருக்காரு.”

அந்தப் பெண் அக்காவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இல்லீங்களே. அந்தப் பழைய லிஃப்டையெல்லாம் கழட்டிப் போட்டாச்சே. பெரிய மழையில அடித்தளத்துல தண்ணி பூந்துச்சே, அதோட போச்சு. இப்ப எல்லாம் புதுசு. வேற கம்பெனி. அவங்க ஆளு ராவும் பகலும் உள்ளயே உக்காந்திருக்காரு.”

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று உறைத்திருக்க வேண்டும். பாட்டிலை நிரப்பாமலே போய்விட்டாள். அத்தான் மறுத்துப் பேசுவார், அந்தப் பொண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா கையில் தேய்க்கிற நார் அப்படியே இருந்தது. குரலை உயர்த்தவில்லை.

“அந்த மழை பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவளுக்கே தெரியும். ஊருக்கே தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று கேட்டாள்.

“முன்னாடி” என்றார்.

மகளுக்கு வலி வந்த அன்று ராத்திரி பையை எடுப்பதும் இறக்குவதுமாக அவள் தவித்ததை நான் கண்ணால் பார்த்தவன். இந்த மனுஷர் அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதுவும் சொல்லவில்லை. ஈரக் கையோடு அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

“மனுஷனா நீங்க? பெத்த பொண்ணு அங்க உசுருக்குப் போராடிட்டு இருந்தா.”

“விடுடா” என்றாள் அக்கா. விட்டேன்.

“சொல்லணும்னுதான் வந்தேன்” என்றார் அத்தான். அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தே பேசினார். “லிஃப்டைக் கழட்டின அன்னிக்கே சொல்லணும்னு வந்தேன். நீ போனைச் சார்ஜ்ல போட்டு தலைமாட்டுல வச்சுட்டு இருந்த. இனிமே என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் வாயே வரல.”

“பாப்பா பொறந்த அன்னிக்கு?”

“அன்னிக்குச் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பியே.”

“கேட்டிருப்பேன். பஸ்ல உக்காந்துகிட்டு கேட்டிருப்பேன்” என்றாள் அக்கா.

சத்தம் கேட்டு மகள் குழந்தையோடு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்த பார்வையில் எல்லாமே இருந்தது. இத்தனை நாளும் அம்மா மேல் காட்டிய கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்தாள். “அம்மா” என்றாள்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “வண்டியில எனக்கு இடம் இருக்கா?” என்று மகளிடம் கேட்டாள்.

மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் டென்டைப் பிரிக்க ஆரம்பித்தான். மாற்றுத் துணி இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா காரில் ஏறினாள். போனை எடுத்து அத்தான் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கியது, சூடான பாத்திரத்தை வாங்குகிற மாதிரி இருந்தது.

“எப்ப வருவ?” என்றார்.

“எப்பன்னு சொல்ல முடியாது. கூப்பிடறேன்.”

கார் நெடுஞ்சாலையில் ஏறி, ஊருக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அவர் ஒருநாளும் திரும்பாத பக்கம். பாத்திரங்களை மூட்டை கட்டி, பைக்கில் வைத்து, நானும் அவரும் வீட்டுக்கு வந்தோம். அவரோடு இனி எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வாசலில் இறங்கி நான் நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“கொஞ்ச நாளைக்கு நீ இங்க வந்து படுத்துக்கறியா? ராத்திரியில அவ கூப்பிட்டா எனக்குக் கேக்காது.”

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது. ஆனால் கேட்டது என் அக்காவின் அழைப்புக்காக. போய்ப் படுத்தேன். அக்கா படுக்கிற பக்கம், போன் தலைமாட்டில். முதல் ராத்திரியே ஏதோ விளம்பரச் செய்தி வந்து அது ‘டிங்’ என்றது. வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் தூக்கமா வரும்? குழாய் சொட்டினாலும் விழிப்பு, தெருவில் வண்டி போனாலும் விழிப்பு. பக்கத்தில் அத்தானின் குறட்டை. ஒரு வாரத்தில் என் கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினது போல் எரிந்தது. கடையில் ஒருவர் பீரோ சாவி கேட்டதற்குப் பூட்டுச் சாவியை வெட்டிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா இதை ஒரு வாரம் செய்யவில்லை. மகளைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அத்தனை காலமும் இப்படித்தான் படுத்திருக்கிறாள். அது அவள் உடம்புவாகு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று முற்பகல் அவள் கூப்பிட்டாள். அத்தானின் போனுக்கு இல்லை, என் போனுக்கு.

“இப்பத்தான்டா எழுந்தேன்” என்றாள். குரல் கனத்து, சோம்பலாக, யாரோ போல இருந்தது. “பாப்பா மேல ஏறிக் குதிச்சிருக்கா. எனக்குத் தெரியவே இல்ல. அவ அம்மா பயந்துபோய் என் மூக்குல கை வச்சுப் பாத்தாளாம்.”

“அக்கா, அத்தான் உன் போனுக்காகக் காத்துட்டு இருக்காரு. நீ கூப்பிட்டா எழுப்பிவிட நான்தான் தினமும் அங்க போய்ப் படுக்கறேன்.”

பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

“நீ உன் வீட்டுக்குப் போய்த் தூங்குடா.”

“அப்ப ராத்திரியில நீ கூப்பிட்டா?”

“அவரை முழிச்சிருக்கச் சொல்லு.”