பத்தரை மணிக்கு மூடிய வருகைப் பதிவு: ஒரு திருநெல்வேலிப் பயணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து திருநெல்வேலி போய் வந்தேன். நெல்லையப்பரைப் பார்க்கவோ அல்வா வாங்கவோ போகவில்லை. குறைமாதக் குழந்தைகளையும் பிறந்தவுடன் நோயுறும் குழந்தைகளையும் கவனிக்கும் செவிலியர்களுக்குத் தென்மாவட்டங்களில் ஒரு சங்கம் உண்டு. அதன் ஆண்டுக் கூட்டத்தில் நடக்கும் தலைவர் தேர்தலில் நின்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் இழந்த நாற்காலியைத் திரும்பப் பெறுவதுதான் நோக்கம். அடுத்த ஆண்டுக் கூட்டமும் அங்கேதான் என்பதால், வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணியில் காலை 4.45க்கு அரசுப் பேருந்து. கட்டணம் 150 ரூபாய். 8.20க்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோவில்பட்டியில் பத்து நிமிடம் நிற்பார்கள். அந்தத் தேநீரைத் தவிர்ப்பது நல்லது. கூட்டம் டவுண் மேல ரத வீதியில் ஒரு மண்டபத்தில். ஏழு கிலோமீட்டர் இருக்கும். டவுண் பஸ் அடிக்கடி உண்டு. நான் வெள்ளைச் சட்டை கசங்காமலிருக்க ஆட்டோ பிடித்தேன், 200 ரூபாய்.

ஆற்றுப் பாலம் ஏறும்போது, என்ன விசேஷம் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"நர்சம்மாமாரு கூட்டத்துக்கு அண்ணாச்சி எதுக்குப் போறிய?"

"நானும் நர்ஸ்தான்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்போ அண்ணாச்சிய என்னன்னு கூப்பிடுவாவ? சிஸ்டர்னா?"

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்கும் நகைச்சுவைதான். கீழே தாமிரபரணி மழைத்தண்ணீரில் செம்மண் நிறமாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டேன்.

என்னைத் தோற்கடித்தவர் மேலப்பாளையத்து மும்தாஜ். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் மூத்த செவிலியர். நான் அப்போது வார்டை விட்டு நர்சிங் கல்லூரி ஆசிரியராகியிருந்தேன். நிறைந்த கூட்டத்தில் அவர் எழுந்து, "வார்ட விட்டுப் போன கை வார்டுக்காரங்களுக்குத் தலைமை தாங்கப்பிடாது" என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். யார் யார் என்று இன்றும் எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். வார்டில் பணி மாறும்போது, போகிற செவிலி ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் வாயால் சொல்ல, வருகிறவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரியாக வரும்வரை போகிறவரின் பணி முடியாது. தலைவர் பதவியையும் நாங்கள் அப்படித்தான் ஒப்படைக்கிறோம். தோற்ற அன்று நான் சொன்னதை மும்தாஜ் ஒரு பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் பத்து மணிக்கு வருகைப் பதிவு தொடங்கியது. இம்முறையும் எதிர் வேட்பாளரான மும்தாஜைக் காணோம். முக்கூடலிலிருந்து விடியற்காலையில் குறைமாத இரட்டைக் குழந்தைகள் வந்திருப்பதாகவும், இரவுப் பணியிலிருந்த அவரை மாற்ற வேண்டிய பெண்ணின் வீட்டில் காய்ச்சல் என்றும் தகவல் வந்தது. பத்தரைக்குப் பதிவு மூடும்போது மண்டபத்தில் இல்லாத வேட்பாளரின் மனு செல்லாது. நான் தலைவராக இருந்தபோது நானே எழுதிய விதி. எதிர் வேட்பாளர் சம்மதித்தால் மட்டும் நேரத்தை நீட்டலாம்.

செயலாளர் இசக்கியம்மாள் என் அருகில் வந்து குனிந்தாள். "அக்கா வேற ஆளு தேடிட்டு இருக்காவ சார். ஒரு மணிக்கூறு பொறுக்கப்பிடாதா?"

"விதியை நான் ஒருவருக்காக எழுதவில்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து தன் மேசைக்குப் போனாள். பத்தரைக்குப் பதிவை மூடினாள். போட்டியின்றி நான் தேர்வானதாக அறிவித்தாள். எவரும் கூச்சலிடவில்லை; எங்கள் ஆட்களுக்குக் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. கைதட்டலும் இல்லை. கேசரி பரிமாறினார்கள். என் இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

பொறுப்பை வாங்காமல் தலைவராக முடியாது. மறுபடியும் பாலத்தைக் கடந்து, 180 ரூபாய் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனேன். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி, முழங்கைவரை கழுவி, அங்கி போட்டு உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டு.

மும்தாஜ் இன்குபேட்டர் முன்னால் நின்றிருந்தார். ஒரு கை இரட்டையரில் சிறியவளின் தலைமேல், மறு கை மடக்கிய கால்களைச் சுற்றி. அணைப்பு இருந்தால் அந்தக் குழந்தை சீராக மூச்சுவிடும். கையை எடுத்தால் துடித்து, மூச்சை மறந்துவிடும்.

"வாங்க தலைவரே" என்றார், திரும்பாமல். "உக்கார எடமில்ல. நின்னே கேட்டுக்கிடுங்க."

குரலில் கோபமில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். இரவில் ஒரே செவிலியிடம் எட்டுக் குழந்தைகளை விடும் மருத்துவமனைகள், இடமாற்ற மிரட்டலில் இருக்கும் மூன்று பேர், பாதியில் நிற்கும் பயிற்சி வகுப்பு. தூத்துக்குடியில் ஒரு இளம் செவிலி. அவள் கையில் ஒரு குழந்தை இறந்துபோனதிலிருந்து தூக்கமில்லை. எதையும் மறைக்கவில்லை. அவருக்கு எதிராக நான் பயன்படுத்தக்கூடியதைக்கூட.

திருப்பிச் சொன்னேன்.

"ஒண்ண விட்டுட்டிய. அந்தப் பிள்ளைக்கு?"

"வெள்ளிக்கிழமைதோறும் போன்."

"ஆமா. இம்புட்டு நாளும் நாந்தான் கூப்பிட்டேன். அவளா கூப்பிட மாட்டா. நாமதான் கூப்பிடணும்."

பிறகு, "தண்ணி குடிச்சு எம்புட்டு நேரமாச்சு. செத்த நேரம் கை குடுங்க" என்றார். பணி மருத்துவர் என்னை அறிந்தவர், தலையசைத்தார். உள்ளே நீட்டிய என் விரல் அவர் விரலில் பட்டது.

"கை சில்லுன்னு இருக்கு. சூடாக்கிட்டு வாங்க."

ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன வாக்கியத்தை அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெந்நீரில் கையை வைத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன். என் கை முழுதாகப் படியும்வரை அவர் தன் கையை எடுக்கவில்லை. பிறகு ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து நின்றவர். மாற்று ஆள் வர ஏறக்குறைய ஒரு மணி நேரமானது. அதுவரை உள்ளங்கையின் கீழே ஒரு நெஞ்சு ஏறி இறங்கியது. அங்கே நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

மதுரைக்குத் திரும்ப பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நிறைய பேருந்துகள் உண்டு. ஜன்னலோரம் வேண்டுமானால் புதிய நிலையத்திலேயே ஏறுங்கள்.

அடுத்த ஆண்டு வருபவர்கள் கவனிக்க: கூட்டம் காலையில் இல்லை, மாலை நான்கு மணிக்கு. காலைப் பணி முடித்தவர்கள் சாப்பிட்டுவிட்டே வரலாம். பத்தரை மணி விதியை நீக்கிவிட்டேன். பணியில் மாட்டிக்கொண்ட வேட்பாளர் வந்து சேரும்வரை வருகைப் பதிவு திறந்திருக்கும். மும்தாஜ் நிற்பார்; நானும் நிற்பேன். கைதட்டியவர்களை நான் மன்னித்துவிட்டதாக எவரும் முடிவுகட்ட வேண்டாம்.

தூத்துக்குடிப் பெண்ணுக்கு முதல் வெள்ளிக்கிழமை போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் வெள்ளி எடுத்தாள். யார் என்று சொன்னேன்.

"அக்கா இல்லியா?" என்றாள்.