ஸ்மார்ட் போர்டுக்கு நான் வைத்த பொட்டு

தென்காசி அருகே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்குள்ள ஆத்திரம் அடங்கவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்பின் ஸ்மார்ட் போர்டு கோளாறு செய்தது. ஒரு பக்கம் தொட்டால் வேறு பக்கம் கோடு விழுந்தது. விடுமுறைக்கு முன் அதில் கடைசியாகக் கணக்குப் போட்டவள் இசக்கி. "ஏட்டி, என்னத்த செஞ்சு தொலைச்ச?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். "நான் ஒண்ணும் செய்யல டீச்சர்" என்றாள். நம்பாமல், பீடி சுற்றும் அவள் அம்மாவையும் வரவழைத்துத் திட்டினேன்.

நான்காம் நாள் மெக்கானிக் வந்தார். திரையின் ஓரச் சட்டத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். போர்டு சரியாகிவிட்டது.

"விரல் எங்கன படுதுன்னு பாக்குத கண்ணு இந்தச் சட்டத்துலதான் இருக்கு. இதுல பொட்டு வச்சது யாரு டீச்சர்?"

விடுமுறைக்கு முந்தின நாள், பிள்ளைகள் போன பிறகு பள்ளியில் நடந்த பூஜையில் சட்டம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்தான்.

"விடுங்க டீச்சர், இனிமே பிள்ளையள தொட விடாதீங்க" என்றார் தலைமை ஆசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளையளா கெடுத்துச்சு? நான்லா சார் கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, வகுப்பில் எல்லோர் முன்னும் இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவள் அம்மாவிடமும் கேட்டேன்.

இப்போது போர்டு மக்கர் செய்தால் முதலில் துணியை எடுத்துச் சட்டத்தைத் துடைக்கிறேன். இசக்கியைத் தினமும் கணக்குப் போடக் கூப்பிடுகிறேன். எழுந்து வருகிறாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடையை வாயால் மட்டும் சொல்கிறாள்.